வியாழன் காலியாக இருக்கட்டும்

சின்னப்பாலத்தில் பாசி எடை போடும் செல்சியா
கைபேசியில் அடித்து அனுப்புவாள்:
பெயர், கமா, திங்கள் எத்தனை கிலோ, கமா, செவ்வாய் எத்தனை.
அவசரத்தில் சில நேரம் இரண்டு கமா.
ஈரக்கை பட்டுச் சில நேரம் மூன்று.
நான் மண்டபத்தில், ஐஸ் பிளாண்ட் மாடியறையில்,
அதைப் பிரித்துக் கூலிச் சீட்டாக்க நிரல் எழுதுகிறேன்.
மாதம் நாலாயிரம். கரண்ட் பில் தனி.

கமா எத்தனை வந்தாலும் ஒரே வெட்டு
என்று சொல்ல நினைத்து
கமாவுக்குப் பக்கத்தில் ஓர் உடுக்குறி வைத்தேன்.
உடு என்றால் நட்சத்திரம்.
வள்ளத்தில் போகிறவர்களுக்கு அது திசை சொல்லும்.
என் நிரலுக்கு அது சொன்னது:
எத்தனை இருந்தாலும் சரி,
இல்லாவிட்டாலும் சரி.

அந்த இரண்டாவது சரியை நான் கவனிக்கவில்லை.

கமா இல்லாத இடம் எது?
எல்லா இடமும்தான்.
ந-வுக்கு முன்னால் கமா இல்லை. வெட்டு.
ந-வுக்கும் ம-வுக்கும் நடுவில் இல்லை. வெட்டு.
ம-வுக்கும் அதன் தலைப்புள்ளிக்கும் நடுவில்கூட
ஒன்றுமில்லாத ஓரிடம் இருக்கிறது,
இத்தனை வருடம் தமிழ் எழுதியும் எனக்குத் தெரியாது.
அங்கேயும் வெட்டு.
நம்புக்கனி என்கிற ஒருத்தி
திரையில் பத்துத் துண்டாக இறங்கிக் கிடந்தாள்.
முதலில் ஒரு வெற்று வரி, கடைசியில் ஒரு வெற்று வரி,
ஆக மொத்தம் பன்னிரண்டு.

தனியே நிற்கிற புள்ளியைப் பார்த்திருக்கிறீர்களா?
உட்கார ஓர் எழுத்தில்லை என்று
கணினியே அதற்கு ஒரு வட்டம் போட்டுத் தருகிறது,
அதுவும் விட்டுவிட்டுப் போட்ட கோட்டில்.
வலையை விட்டுப் போன மிதவைகள் மாதிரி
திரை முழுக்க வட்டங்கள் ஆடிக்கொண்டிருந்தன.

ஜன்னலுக்கு வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல்.
இரண்டும் பிரிகிற இடத்தை
அரிச்சல்முனையில் ஒருமுறை தேடியிருக்கிறேன்.
கோடு இல்லை, கமா இல்லை.
முழங்கால் இந்தப் பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது,
அந்தப் பக்கம் இழுத்தது.

உடுவை எடுத்துவிட்டுக் கூட்டல் குறி வைத்தேன்.
ஒன்றாவது இருக்கணும், அதற்கு மேல் எத்தனையும் வரலாம்.
பெயர்கள் ஒட்டிக்கொண்டன. புள்ளிகள் தலைக்கு ஏறின.
சீட்டு அனுப்பிவிட்டு பரோட்டா சாப்பிடப் போனேன்.

சனிக்கிழமை போன் வந்தது.
"தம்பி, வியாழக்கெழம எனக்குப் பதினாலு கிலோ போட்டிருக்கு."
"மொத்தம் சரிதானே அக்கா?"
"மொத்தம் சரி. நாந்தான் அன்னைக்குக் கடல்ல எறங்கவே இல்ல.
தீவுப் பக்கம் போனவளுக சாக்கையெல்லாம்
வனத்துறைக்காரன் பறிச்சிட்டுப் போனது அன்னைக்குத்தான்.
யார் யாருன்னு தேடிக்கிட்டிருக்கான்.
ஒஞ்சீட்டு என்னயக் கொண்டுபோய் அங்க நிறுத்துது."

செல்சியா அனுப்பியதை எடுத்துப் பார்த்தேன்:
பதினொன்று கமா ஒன்பது கமா பன்னிரண்டு
கமா கமா
பதினாலு.
அந்த இரண்டு கமாவுக்கு நடுவில்தான் நம்புக்கனி
வீட்டில் இருந்திருக்கிறாள்,
விரலில் சுற்றும் துணியைத் துவைத்துக் காயப்போட்டபடி.
என் கூட்டல் குறி வீட்டை இடித்துவிட்டு
வெள்ளிக்கிழமையை அங்கே நகர்த்தியிருக்கிறது.

செல்சியாவைக் கேட்டேன்:
இரண்டு கமா வந்தால் கைதவறலா, வராத நாளா?
வராததற்கு ஏதாவது அடிக்கக்கூடாதா?
"வரல. அதான் அடிக்கல," என்றாள்.

இப்போது ஒரு கமாவுக்கு ஒரு வெட்டு.
கைதவறினால் நாள் தப்பும், திட்டு வரும், வாங்கிக்கொள்கிறேன்.
காலியைக் காலியாகவே அச்சடிக்கிறேன்,
நாலு பக்கமும் கோடு போட்டு.

நம்புக்கனி மாடியேறி வந்து சீட்டு வாங்கினாள்.
கிலோவைப் பார்க்கவில்லை, கூலியையும் பார்க்கவில்லை.
வியாழன் கட்டத்தில் நகத்தால் ஒருமுறை தட்டிவிட்டு
"இன்னொண்ணு எடுத்துக் குடு," என்றாள்.