உண்ணி பாலைக் குடிக்காது

ஜூரு ஆற்றோரம் எங்களுக்கு ஒன்பது மாடுகள்.
கிராண்ட் இல்லாத நிலம், தகரக் கொட்டகை.
எதிரே பிறைத் தொழிற்பேட்டையின் விளக்குகள்.
அதில் ஒன்றின் கீழேதான் எனக்கு இரவு ஷிப்ட்.

அங்கே உள்ளே போகத்
தலைக்கு உறை, முகத்துக்கு உறை,
கைக்கு இரண்டு உறை.
எனக்காக இல்லை.
என் மூச்சு
நகக்கண் அளவுச் சில்லுக்கு ஆகாதாம்.

விடிந்து வந்தால்
பரஞ்சோதி அரைச் சிலுவாரோடு நிற்கிறார்,
வாயில் ஒரு துண்டு, முதுகில் மருந்துப் பம்பு.
காற்று எங்கே சுற்றினாலும்
கடைசியில் அவர் முகத்துக்குத்தான் வரும்.

முதல் வருஷம் வாளிக்கு ஒரு மூடி.
காதுக்குள் கொத்தாய்த் தொங்கியவை
ஆமணக்கு விதைபோல் உதிர்ந்தன.
கோழிகள் பொறுக்கின.
அடுத்த வருஷம் இரண்டு மூடி.
பிறகு மூடியால் அளப்பதை விட்டுவிட்டார்.
பிறகு செம்பனைத் தோட்டத்து ஆள் ஒருவன்
பேர் கிழிந்த பாட்டில் ஒன்று கொடுத்தான்:
எதையும் கொல்லும் என்று.

எதையும் என்பது சரிதான்.
கன்றுக்கு நுரை தள்ளியது,
நான்கு காலும் நான்கு பக்கம் போயின.
நள்ளிரவில் இவருக்கு வியர்த்துக் கொட்ட
கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கருமணி கடுகளவு.
செபராங் ஜெயா ஆஸ்பத்திரியில்
என்ன குடித்தார் என்றார்கள்.
வீட்டில் சண்டையா என்றாள் நர்ஸ், குரலைத் தாழ்த்தி.
குடிக்கவில்லை, மாட்டுக்கு மருந்தடித்தார் என்றேன்.
யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கன்றைப் புதைக்கத் தூக்கியபோது
அதன் காதிலிருந்து இறங்கி,
அவசரமே இல்லாமல்,
என் மணிக்கட்டில் ஏறியது ஒன்று.

கால்நடை இலாகா டாக்டர் நூர் அஸ்லின்
கொழுத்த பெண் உண்ணிகளாய்ப் பொறுக்கிப் புட்டியில் போட்டாள்.
மூடியில் ஊசியால் துளையிட்டாள்.
அவை மூச்சுவிட வேண்டுமாம்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் போன்.
அவள் மலாயில் சொன்னதை
இவருக்குத் தமிழில் சொன்னேன்:
நம் மருந்தில் முக்கியெடுத்து
டேப்பில் மல்லாக்க ஒட்டினார்களாம்.
மல்லாந்தபடியே முட்டையிட்டனவாம்.
எத்தனை?
ஒன்றொன்றும் ஆயிரக்கணக்கில்.
சாகக்கூடியவற்றைக் கொன்றோம்,
சாகாதவற்றைப் பெருகவிட்டோம்.
கலப்பினக் காளைக்கு எவ்வளவு அலைந்தார் இவர்!
எங்கள் கொட்டகையில்
நல்ல ஜாதியாய்த் தேறியது இது ஒன்றுதான்.

பிறகு அவள் தயங்கிக் கேட்டாள்,
மருந்தடித்த நாட்களில் பால் கறந்தீர்களா?

மடியிலேயே இருந்தாலும் உண்ணி
பாலைக் குடிக்காது என்பார்கள்,
அருமை தெரியாதவனைத் திட்ட.
ஆமாம், அது குடிக்கவில்லை.
நாங்கள்தான் குடித்தோம்.
அடுக்குமாடியில் பதினான்கு வீட்டுக்குப் பையில் கட்டிக் கொடுத்தோம்.
வெள்ளிக்கிழமை முனீஸ்வரருக்கு ஒரு செம்பு.
நாலாம் மாடி யோகேஸ்வரி
தண்ணீர் கலக்காத பாலென்று
கைக்குழந்தையின் அண்ணனுக்கு
ஐம்பது காசு கூடக் கொடுத்து வாங்குவாள்.

கறப்பதை இப்போது கால்வாயில் ஊற்றுகிறேன்.
இதுவும் ஜூருவுக்குத்தானே போகும் என்று
பாதியில் வாளியை நிமிர்த்துகிறேன்.
வேறெங்கே ஊற்ற?

மாட்டுக்குக் காய்ச்சல் என்றார் இவர் எல்லாரிடமும்.
யோகேஸ்வரியிடம் மட்டும் நான்
படியேறிப் போய் உள்ளதைச் சொன்னேன்.
கதவைச் சாத்தினாள்.
சாத்தட்டும்.

ஞாயிற்றுக்கிழமை.
ஆலையிலிருந்து இடுப்பில் செருகிக்கொண்டு வந்த
வெள்ளைக் கையுறைகள்,
மைலோ டின்னில் மண்ணெண்ணெய்.
அவர் மாட்டின் காதைப் பிரித்துப் பிடிக்கிறார்,
நான் ஒவ்வொன்றாய்ப் பிடுங்குகிறேன்.
இருநூறுக்கு மேல் எண்ணவில்லை.
பிடித்த கை இன்னும் நடுங்குகிறது.
இங்கே ஒன்று, இதோ இங்கே, என்கிறார்.
நான் நிமிர்ந்து
கருமணி பழைய அளவுக்கு வந்துவிட்டதா என்று
அவர் கண்ணைப் பார்க்கிறேன்.