அதே பொருள்

ஹோர்கோஷ் எல்லைச்சாவடியில் இது நான்காம் நாள்.
வேனுக்குள் நாற்பத்திரண்டு பம்புகள்.
சாச்சாக்கில் எங்கள் பட்டறையில் கடைந்து
ஆஸ்திரிய மலைத் தொழுவங்களுக்கு அனுப்பியவை.
ஆறேழு வருடம் விடியலிலும் அந்தியிலும்
மடிக்காம்புகளை உறிஞ்சி உறிஞ்சி
மூச்சிரைத்துத் திரும்பி வந்திருக்கின்றன.

ஒன்றின் மேல் கிடாரி உதைத்த பள்ளம்.
ஒன்றில் பச்சைப் பெயின்ட்டில்
ஏதோ ஒரு பசுவின் பெயர், பாதி உரிந்து.

அதிகாரி நெபோய்ஷா படிவத்தைத் திருப்பி வைக்கிறார்:
சரக்கா, கழிவா?
இரண்டே கட்டங்கள்.
ஒன்றில்தான் மை விழலாம்.

கழிவு எனக்குப் புதிய சொல் இல்லை.
மொத்தமாக வாங்குபவருக்கு ஐந்து சதவீதக் கழிவு என்று
விலைப்பட்டியலில் நானே தட்டச்சு செய்கிறேன்.
அந்தக் கழிவை
எந்தச் சாவடியும் இதுவரை நிறுத்தியதில்லை.

முதலாளி திஹோமிர் போனில் கத்துகிறார்:
"பழைய இரும்பு என்று எழுதிக் கொடு, ஸ்லாவிட்சா.
உருக்குகிறவன் கிலோ கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.
புதிதாக வார்த்தாலே மலிவு."
சிகரெட் அட்டையின் பின்புறம் கணக்குப் போட்டேன்.
வேன் வாடகை, காத்திருப்புக் கட்டணம்,
இரவுப் பேருந்தில் நான் வந்த செலவு.
அவர் சொன்னது சரி.
பம்புக்குப் பதினோரு யூரோ நஷ்டம்.
அட்டையைக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.
அடுத்த ஆண்டு இரும்பின் விலை
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

வேனின் கதவைத் திறந்து
ஒரு பம்பைக் கவிழ்த்துக் காட்டினேன்.
"பாருங்கள், அடியில் மூன்று புள்ளி.
ஒவ்வொரு முறை திரும்பும்போதும்
ஆணி வைத்து ஒரு தட்டு தட்டுவோம்.
மூன்று முறை வீட்டுக்கு வந்து
மூன்று முறை வேலைக்குப் போயிருக்கிறது."
குனிந்து கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.
கிரீஸ் ஒட்டியது. கால்சட்டையில் துடைத்தார்.

பிறகு வேறொரு படிவத்தை எடுத்தார்.
பழுதுபார்க்க உள்ளே வருபவை.
பிணைத்தொகை கட்ட வேண்டும்.
ஆறு மாதத்துக்குள்
அதே பொருள் வெளியேற வேண்டும்.

அதே.

பட்டறையில் இவை வரிசையாகக் கிடக்கப்போவது
எனக்குக் கண்ணில் தெரிகிறது.
மிலுங்கா தகடுகளை உருவி எறிவாள்,
அவை நாற்பத்திரண்டிலும் புதியவை.
விரிசல் விட்ட உறையின் சுழலி
விரிசல் விடாத வேறோர் உறைக்குள் போகும்.
பள்ளம் விழுந்ததின் மூடி
பசுவின் பெயர் கொண்டதற்கு.
எட்டு பம்புகள் எட்டாகத் திரும்பாது,
அவை மற்றவற்றின் உள்ளே போகும்.
அப்போது எது அது?
திருகா? எடையா? ஆணி தட்டிய புள்ளியா?
அந்த மலையில் ஹைடெக்கர் என்பவர்
விசையைத் தட்டும்போது
மாடு திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

"எட்டு குறையும்" என்றேன்.
"குறைவதை அப்போது எழுதுங்கள்" என்றார்,
"இப்போது அதே என்று எழுதுங்கள்."

எழுதினேன். பொய்யா என்று கையைக் கேட்டேன்.
கை பதில் சொல்லாமல் கையெழுத்துப் போட்டது.

அவர் முத்திரையை எடுத்தார்.
ரப்பர் போன ஆண்டு மாற்றியது, எழுத்துகள் கூர்மை.
பிடி மட்டும் கறுத்து வழவழத்து,
இன்று வரைபடத்தில் இல்லாத ஒரு நாட்டின்
நட்சத்திரம் அதன் தலையில்.
ஊதினார். குத்தினார்.

ஓக்னியன் சாவியைத் திருகினான். வண்டி இருமியது.
நான்கு நாள் குளிரில் பேட்டரி செத்திருந்தது.
புதிது வாங்கலாம் என்றான்.
இறக்கம்தானே, தள்ளு என்றேன்.
நான் ஒரு பக்கம் தோள் கொடுக்க,
தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
மறுபக்கம் வந்து நின்றார் நெபோய்ஷா.