கூடக்குறைய

நாலு பேர் பங்கு, ஆயிரத்து இருநூறு வெள்ளி.
பிரகலாதன் ஐந்நூறு. ஹைலக்ஸ் அவனுடையது,
அதனால் திரை பெரிதாக இருக்கட்டும் என்கிறான்.
ஹஸ்லினா முந்நூறு, தனேஸ்வரி இருநூற்றைம்பது,
நான் நூற்றைம்பது, அதுவும் சம்பள நாளுக்குப் பிறகு.

சிலிம் ரிவரில் கியோங் கடை.
செயின் ரம்பம், குலை வெட்டும் அரிவாள்,
மண்வெட்டிப் பிடிகளுக்கு நடுவே
கண்ணாடிப் பெட்டியில் இரண்டு ஜிபிஎஸ்.

ஒன்று உள்ளங்கை அகலம். தொட்டால் நகரும்.
வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும்,
திருப்பம் வருமுன் பெண் குரலில் சொல்லும்.
மற்றது சோப்புக் கட்டி மாதிரி.
ஐந்து பொத்தான், தீப்பெட்டி அளவு திரை,
பென்சில் பேட்டரி இரண்டு.

பிரகலாதன் முதலாவதைக் கீழே வைக்கவில்லை.
விரலால் விரித்து விரித்துப் பார்த்தான்:
தஞ்சோங் மாலிம் வந்தது, நெடுஞ்சாலை வந்தது,
எங்கள் மில் இருக்கவேண்டிய இடத்தில்
வெறும் பச்சை.
நாள் முழுக்க லாரி ஓடுகிற
பதினேழாம் பிளாக் செம்மண் பாதையும் பச்சை.
"அப்டேட் பண்ணா வந்துரும்லா," என்றான்.

நான் எடைப்பாலத்தில் வேலை பார்க்கிறவள்.
ஒன்பது வருஷமாக லாரி ஏறும், எண் எரியும்,
டிரைவர் எண்ணைப் பார்ப்பான், நான் டிரைவரைப் பார்ப்பேன்.
இருபது கிலோ கூடக்குறைய இருக்கலாம் என்று
அளவை ஆபீசர் முத்திரை ஒட்டிப் போவார்.
அந்த இருபதுக்குள் சண்டை கிடையாது.
இருபத்தொன்று என்றால் தொழிற்சங்கம் வந்துவிடும்.
அதனால் கியோங்கிடம் விலை கேட்கவில்லை.
இது எவ்வளவு பொய் சொல்லும் என்று கேட்டேன்.

அவருக்குச் சிரிப்பு.
"எல்லாம்தான் சொல்லும், ஆச்சி.
கொண்டுபோய்ப் பார், அரை மணி நேரம்."
என் அடையாள அட்டையை வாங்கி
கல்லாவில் போட்டுக்கொண்டார்.

ரயில் பாதை தாண்டினால் செம்பனை.
மட்டைகள் வானத்தை மறைக்கிற இடத்தில்
இரண்டையும் மண்ணில் வைத்துக் குந்தினோம்.
மூன்று மணி மழை சொன்ன நேரத்துக்கு வந்தது.
தொடுதிரையில் விழுந்த முதல் சொட்டு
எங்களை ஈப்போவுக்குக் கொண்டுபோனது.
இரண்டாவது சொட்டு, கடலுக்குள்.
தனேஸ்வரி ஈரக் கையால் இழுக்க
மொழியும் மாறிப்போயிற்று,
பெண் குரல் ஏதோ ஒரு பாஷையில்
அதட்டத் தொடங்கியது.

சோப்புக் கட்டி அவசரப்படவில்லை.
ஒரு துணைக்கோள், மூன்று, ஆறு என்று
அந்தியில் கோழி அடைக்கிற மாதிரி
ஒவ்வொன்றாகச் சேர்த்தது.
பிறகு எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது:
இதற்குள் எங்கோ இருக்கிறீர்கள்,
பதினான்கு மீட்டர் கூடக்குறைய.

எனக்கு அது போதும்.
புள்ளி குத்துகிறவனை விட
வட்டம் போடுகிறவனோடு காட்டுக்குள் போகலாம்.
போன ஜூனில் ரெங்காஸ் குன்றில்
கைபேசி அடித்துச் சொன்ன புள்ளியை நம்பி
மூங்கில் சரிவில் மூன்று மணி நேரம்.
அட்டைகள் மட்டும்தான் எங்களைச்
சரியாகக் கண்டுபிடித்தன.

பிரகலாதன் முகம் தொங்கியது. ஐந்நூறு போட்டவன்.
"வண்டியில இத எங்க வைக்கிறது?"
ஹஸ்லினா டிபன் டப்பா ரப்பரைக் கழற்றி
ஹைலக்ஸ் கைப்பிடியில் கட்டிக் காட்டினாள்.
பேரம் பேசித் தொள்ளாயிரத்து எண்பது.
பேட்டரி, கழுத்துக் கயிறு போக
கையில் பத்து வெள்ளி மீந்தது.
என் நூற்றைம்பதை யாரும் இன்னும் கேட்கவில்லை.

முதல் ஞாயிறு, விடியுமுன் கிளம்பி
பதினேழாம் பிளாக்கைக்கூடத் தாண்டவில்லை,
பின் சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது.
பிரகலாதன் கியரைத் திட்டிக்கொண்டிருக்க
நான் பொத்தானை அழுத்தி இடத்தைக் குறித்தேன்.
பெயர் கேட்டது. தமிழ் எழுத்து அதில் இல்லை.
அதுவாகத் தந்த 001 இருக்கட்டும் என்று விட்டேன்.

எங்கே நிற்கிறீர்கள் என்றான் டிராக்டர்காரன்.
திரையில் இருந்த எண்களைப் படித்தேன்,
வடக்கு இவ்வளவு, கிழக்கு இவ்வளவு.
போனில் கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம் மட்டும்.
"நம்பரெல்லாம் வேணாங்க்கா.
போன வாரம் மரம் விழுந்துச்சே,
அதுக்குக் கிட்டவா, தூரமா?"

கிட்டதான், என்றேன்.
கூடக்குறைய.