பதினோரு அர்த்தம்

அஸ்தம்பட்டியில் டயர் கடைக்கு மாடியில்
ஸ்போக்கன் இங்கிலீஷ்.
ஃபீஸ் கட்டியது ரிசார்ட் முதலாளி.
வருகிறவர்களிடம் நான்
'எஸ் சார்' தாண்டிப் பேச வேண்டுமாம்.

போன புதன்கிழமைப் பாடம், பிக் அப்.
பதினோரு அர்த்தம் என்றார் சகாயராணி மிஸ்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினாறு வருஷமாக
அந்த வார்த்தையில்தானே சோறு தின்கிறேன்.

ஜங்ஷனில் ஆள் ஏற்றினால் பிக்கப்.
ஏசியோடு ஏறினால்
ஏழாவது கொண்டை ஊசியில்
வண்டிக்கு இல்லாமல் போவதும் பிக்கப்.
மலர்க்காட்சி வந்தால்
ஏற்காட்டில் சோளம் சுடுகிறவருக்குக்கூட பிக்கப்.
நாகலூர் மாரப்பன் மகள்
மிளகு லோடு வண்டிக்காரனோடு போனபோது
டீக்கடையில் அவனுக்கும் அதையே சொன்னார்கள்.
ஸ்டியரிங்கில் இருந்தது அவள்.
அடிவாரம் செக்போஸ்ட்டில் நான் பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.

தமிழில் என்ன என்று கேட்டார் மிஸ்.
'எடு' என்றேன்.
சொன்ன பிறகுதான்
அது எங்கெல்லாமோ இழுத்துக்கொண்டு போனது.
பசி எடுக்கிறது. எங்கிருந்து, யார் எடுத்து?
லீ பஜாருக்குப் போய் காசு கொடுத்து வாங்கினாலும்
துணி 'எடுத்தோம்' என்கிறோம்,
கேட்கிறவர் போலீசாக இல்லாதவரை சரி.

இன்னொன்று இருந்தது.
வகுப்பில் அதைச் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒருநாள்
செம்மடுவு சடையன் வீட்டுக்கு போன் போட்டு
"எத்தனை மணிக்கு எடுக்கறீங்க?" என்று கேட்டேன்.
எதை என்று அவன் தம்பி கேட்கவில்லை.
நாலு மணி என்றான்.
போனை வைப்பதற்குள் அடுத்த அழைப்பு,
பெங்களூர்ப் பெண்மணி,
பிக்கப் எத்தனை மணிக்கு என்று.
நாலு மணி என்றேன்.

ஜங்ஷனுக்குத்தான் போனேன்.
மூன்று பெட்டி, ஒரு நாய்க்குட்டி.
பதினெட்டாவது வளைவில் மூடுபனி.
அழகு, அழகு என்று
கண்ணாடியை இறக்கச் சொன்னார்கள்.
இறக்கினேன்.

சடையன் நம்பரை இன்னும் அழிக்கவில்லை.
நேற்று டீசல் பில்லைத் தேடும்போது
விரல் பட்டுவிட்டது.
இரண்டாவது மணியில்
யாரோ எடுத்தார்கள்.
பெண் குரல், பின்னால் குக்கர் விசில்.
"யாருங்க?"

ராங் நம்பர் என்றேன்.
முதல் தடவையாக
இங்கிலீஷ் தடுமாறாமல் வந்தது.