பந்து இல்லாத இடம்

விண்ணப்பத்தில் நான்காம் கேள்வி:
எந்த இடத்தில் ஆடினீர்கள்?
வள்ளவிளையில் பதினொரு பேர் ஆடுவார்கள்.
பந்து கடலில் விழுந்தால்
பன்னிரண்டாவது ஆள் நீந்துவான்.
அவன்தான் நான்.
'கடல் பக்கம்' என்று எழுதிக் கொடுத்தேன்.

நாகர்கோவிலில் ஆறு நாள் பயிற்சி.
கட்டணத்துக்கு
ஒரு தங்கலில் கிடைத்த பங்கில் பாதி போயிற்று.
"அம்பத்தொண்ணு வயசில பள்ளிக்கூடம்.
சோத்துப்பொதி கெட்டணுமா?" என்றாள் சுனிதா.
சிரித்துக்கொண்டேதான் கட்டினாள்,
பொரித்த சாளை நாலும் வைத்து.

பக்கத்து இருக்கைகளில் கல்லூரி அணிப் பையன்கள்.
அவர்களுக்குத் தொடையில் பலம்.
எனக்கு நினைவில்.
எண்பத்தாறில் பங்கு மேடைக் கறுப்பு வெள்ளை டிவிக்கு
கூரை மேல் ஆன்டெனாவைப் பிடித்து நின்ற பொடியன் நான்.
இறுதிப்போட்டியை முழுக்கக் கேட்டேன்.
கத்தார் இறுதியின்போது
மங்களூருக்கு மேற்கே, ஆழ்கடலில்.
வயர்லெஸ்ஸில் அடுத்த போட்டுக்காரன் சொல்லச் சொல்ல
பெனால்டி தொடங்கியது. பிறகு இரைச்சல்.
யார் ஜெயித்தார்கள் என்று தெரியாத மூன்று நாளும்
எங்கள் போட்டில் அர்ஜென்டினாதான் ஜெயித்திருந்தது.

வகுப்பெடுத்தவள் ஆன்லின் ஜெனிஷா,
குழித்துறைக்காரி, இருபத்தேழு வயது,
முழங்காலில் தையல் தழும்பு.
திரையில் ஆட்டத்தை நிறுத்தினாள்.
"பந்து எங்க?"
இடது மூலை என்று எல்லோரும் கத்தினோம்.
"நம்ம ரைட் பேக் எங்க?"
மின்விசிறிச் சத்தம் கேட்டது.
"சில்வதாசண்ணன், நாப்பது வருசமா பாக்கியவரு. நீங்க சொல்லுங்க."

யார் அடித்தான், எந்தக் கால்,
மழையா வெயிலா, எல்லாம் சொல்வேன்.
நாற்பது வருஷமும் ஒரு ரைட் பேக்
எங்கோ நின்றிருக்கிறான்.
நான் பார்த்ததில்லை.

தேநீர் இடைவேளையில் அவளை மடக்கினேன்.
"எங்க கிரவுண்டில டாஸ் கெடச்சா
எந்தப் பக்கம் எடுப்பீங்க?"
"தெரியல்லியே அண்ணா."
நாலரைக்கு மேல் கடற்காற்று
கோல் கிக்கை அடித்தவனுக்கே திருப்பிக் கொடுக்கும்,
முதல் பாதியிலேயே காற்றோடு அடித்துவிட வேண்டும் என்றேன்.
அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள்.
அது எனக்கு இன்னும் கோபம்.

திரும்பி வரும் பேருந்தில், களியக்காவிளை தாண்டியபின்
ஒன்று உறைத்தது.
வள்ளத்தின் மூக்கைப் பார்த்து யாராவது ஓட்டுவார்களா?
இருபத்தெட்டு வருஷம் தண்ணீரில் தெரிந்தது
தரையில் எப்படித் தெரியாமல் போயிற்று?

சான்றிதழ் வரவில்லை.
'மீண்டும் முயலலாம்' என்று ஒரு தாள் வந்தது.
சுனிதா அதைக் கரண்டு பில்லோடு சேர்த்துக் குத்திவைத்தாள்.

திருவிழாக் கோப்பை இறுதி ஆட்டம்.
கார்னர் கம்பத்துக்குப் பின்னால் என் வழக்கமான இடம்.
பந்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவெடுத்தேன்.
மூச்சடக்கி முங்குவதுபோலத்தான் இருந்தது,
கண் தானாக மேலே வரும்,
அமுக்க வேண்டும்.
நம்ம ரைட் பேக் ரெக்ஸ்லின்.
பந்து அந்தப் பக்கம் ஏறினால் இவனும் நாலடி ஏறுகிறான்.
பிறகு நிற்கிறான். இடுப்பில் கை.
முதுகுக்குப் பின்னால்
ஒரு முழு வள்ளம் திருப்பலாம், அவ்வளவு வெற்றிடம்.
அதைக் காக்கிறானா மறந்தானா
என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கரை முழுக்க அலறியது.
வெடி. மணல். யாரோ என் தோளில் ஏறி இறங்கினான்.

தாமதமாக வந்த பனியடிமை மூச்சிரைக்கக் கேட்டார்:
"ஆருடே அடிச்சது? எந்தக் காலு?"
இந்தக் கேள்விக்கு ஊரில் என்னிடம்தான் வருவார்கள்.

"தெரியாது" என்றேன்.
"ஆனா ரெக்ஸ்லினுக்க எடத்துக் கால் ஷூ கயிறு
எட்டு நிமிஷமா அவுந்து கெடக்கு."

என்னை மேலும் கீழும் பார்த்தார்.
பிறகு
கடலை விற்கிற பையனிடம் கேட்கப் போனார்.