விட்டவர்

குருமண்வெளித் துறை.
பாதை இன்னும் அக்கரையில் நிற்கிறது.
ஸ்கூட்டிக்குள் பொலித்தீன் சுற்றிய பதிவேடு,
எட்டுப் பட்டை மாத்திரை,
ஆணுறைப் பெட்டி ஒன்று.

நேற்றுப் பயிற்சியில்
றிஸ்மியா மிட்வைப்பாக நடித்தாள்.
நான் தாய்.
"முந்தி என்ன பாவிச்ச?
ஏன் விட்ட?
நாலு புள்ள போதாதா?"
பேனை மூடியைக் கடித்தபடி
படிவத்தைப் பார்த்தே கேட்டாள்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அவள் நடித்தது என்னை.
போன மாதம் என் கிளினிக்கில்
ஒரு காலை முழுக்க இருந்து பார்த்தவள்.

நடிப்புத்தான்.
எனக்கு எழும்பிப் போக வேண்டும்போல் இருந்தது.

மண்டூரில் இன்று முதல் வேலை கதிரை.
பத்து வருசமாய் அது
வாசலைப் பார்த்தே இருந்தது.
வாசலில் பிள்ளை நிறுக்கும் தராசு,
தராசைச் சுற்றி
மாமி, மச்சாள், மச்சாளின் கூட்டாளி.
சுவர்ப்பக்கம் திருப்பினேன்.
கதவுக்குக் கொக்கி இல்லை.
செங்கல் ஒன்றை முட்டுக் கொடுத்தேன்.

சுவேந்தினி, இருபத்தொன்பது.
பதிவேட்டில் என் கையெழுத்து:
ஊசி. விட்டவர்.
விட்டதற்கு நிரல் இருக்கிறது,
காரணத்துக்கு இல்லை.

"சொல்லுகா" என்று பேனையை மூடினேன்.
அவள் சுவரைப் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.
அடுத்த கேள்வி வாய்வரை வந்தது,
விழுங்கினேன்.

மறுகா சொன்னாள்.
ஊசிக்குப் பிறகு நாற்பது நாள்
சொட்டுச் சொட்டாய்.
ஆவணித் திருவிழா முழுக்க
வெளிவீதிக்கும் வராமல் வீட்டில்.
மாமி விரல்விட்டு எண்ணினாவாம்.
ஏதோ நோயென்று பயந்து
அடுத்த ஊசிக்கு வரவேயில்லை.
மடியில் கிடப்பவன்
அந்தப் பயத்துக்குப் பிறகு வந்தவன்.
எட்டு மாதம்.
என் கழுத்து அட்டையைக் கடிக்கிறான்.

"அப்படி வரும், அது நோயில்லை."
ஒரு வரி.
அன்று நான் சொல்லாத வரி.
அன்று வெளியே முப்பத்தாறு பேர்.
இன்றும் முப்பத்தொன்று.

இன்று சொன்னேன்.
லூப், மாத்திரை, கைக்குள் வைக்கும் குச்சி
எல்லாம் அவள் உள்ளங்கையில் வைத்தேன்.
லூப்பை நிமிண்டிப் பார்த்து
"இவ்வளவு சின்னனா?" என்றாள்.
முதல்முறை சிரித்தாள்.
"யோசிச்சித்து வாறன் மிஸ்."

முந்தியென்றால் 'மறுத்தார்' என்று போட்டிருப்பேன்.

கோட்டுக்கு வெளியே, ஓரத்தில்,
பென்சிலால் எழுதுகிறேன்:
சொல்லப்படவில்லை.
பக்கத்தில் என் ஒப்பம்.

யாரோ கதவைத் தள்ளுகிறார்கள்.
செங்கல் ஓர் அங்குலம் நகர்கிறது.
காலால் திரும்பத் தள்ளுகிறேன்.