ஒழுங்கை, நூறு எம்பி

மடத்தடிச் சந்தியில் பஸ் இறங்கி
குடையை மடிக்கணினிக்குப் பிடித்து
தான் நனைந்து வந்தார் பவளராணி.
நொத்தாரிசு கந்தோரில் எழுதுவினைஞர்.
இருபத்திரண்டு வருடமாய்
மற்றவர்களின் காணிக்கு எல்லை எழுதுபவர்.

"ஒண்டும் வருகுதில்லை தம்பி.
கறுப்பில ஒரு வரி மட்டும்."

வாசித்தேன்.
துவங்க எதுவுமில்லை என்கிறது பெட்டி,
ஐந்நூறு ஜிபியை வயிற்றில் வைத்துக்கொண்டு.

மகன் டிலக்சன் கம்பஸ் படிப்புக்கென்று
லினக்ஸைக் குடியேற்றியிருந்தான்.
அம்மாவுக்கு விண்டோஸ்,
அதற்குள் பாமினியில் தட்டிய உறுதிகள்,
ஒன்பது வருடத்தவை.
பாதிக்குப் பாதி பிரிக்கவில்லை, மகனுக்குக் கொஞ்சம் கூட.
அதுவும் போதாமல்
போன ஞாயிறு வட்டின் தலைமாட்டில்
ஒரு சின்னத் துண்டைக் கண்டிருக்கிறான்.
நூறே நூறு எம்பி.
திறந்தால் படமில்லை, பாட்டில்லை.
சும்மாதானே கிடக்குது என்று அழித்துவிட்டான்.

பென்டிரைவிலிருந்து வேறொன்றை எழுப்பி
வட்டின் வரைபடத்தை விரித்தேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு கீற்று: ஒதுக்கப்படாதது.
இவருக்கு எப்படிச் சொல்வது?
பூட் லோடர் என்றேன். ஈஎஃப்ஐ என்றேன்.
சாவி, சுவிட்ச், வாசல்காரன்
என்று என்னவெல்லாமோ உளறினேன்.
அவர் கண்ணாடியைச் சேலையில் துடைத்துப் போட்டு
திரைக்குக் கிட்ட வந்தார்.

"இது ஒழுங்கையெல்லே."

நான் வாயை மூடினேன்.

"ரெண்டு வளவுக்கும் பொது ஒழுங்கை.
தனி ஆளின்ர பேரில இராது.
அதை அடைச்சால்
வீடும் இருக்கும், கிணறும் இருக்கும்,
ஆள் போகேலாது.
கிழமைக்கு ரெண்டு பேர்
இந்தச் சண்டையோடதான் கந்தோருக்கு வருகினம்."

மீட்கும் நிரல் வட்டைத் தடவத் தொடங்கியது.
ஒரு வீதம்.
மூன்று வீதம்.
இடையில் மின்சாரம் போய் வந்தது; யூபிஎஸ் கத்தி ஓய்ந்தது.
வாசலில் ஒரு மான்,
கோட்டைப் பக்கமிருந்து வந்திருக்கும்,
பிரிண்டர் வந்த அட்டைப்பெட்டியைச்
சப்பிக்கொண்டு நின்றது.

எண்கள் வந்ததும்
பழக்க தோசத்தில் பேனையை எடுத்தார்.
என் பில் புத்தகத்தின் பின்பக்கம்
மணி மணியான எழுத்து:

தொடக்கம் இரண்டாயிரத்து நாற்பத்தெட்டு.
முடிவு இரண்டு லட்சத்து ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பத்தேழு.
மேற்கே வட்டின் விளிம்பு.
கிழக்கே என்னுடைய வளவு.
அதற்கும் அப்பால் டிலக்சன்.

"மண் அப்படியே கிடக்குது அக்கா.
அவன் அழிச்சது கோட்டை மட்டும்தான்."

"கோடுதானே தம்பி எல்லாம்"
என்றார், தலை நிமிராமல்.

எழுதவா என்று கேட்டது நிரல்.
பொறும் என்றார்.
எண்களை ஒருமுறை முன்னிருந்து வாசித்தார்,
ஒருமுறை பின்னிருந்து.
ஒரு பேர்ச் பிழைத்தாலும்
மூன்று தலைமுறைக்கு இழுபடுமாம்.
ஆம் என்பதை அழுத்தினேன்.

அதோடு முடியவில்லை.
இல்லாத பழைய இலக்கத்தையே
தாய்ப்பலகை தட்டிக்கொண்டிருந்தது.
புதிய இலக்கத்தை அதற்குச் சொல்லிக்கொடுக்க
இன்னும் அரை மணித்தியாலம்,
இரண்டு பிளேன்ரீ.

லினக்ஸ் எழும்பியபோது மாலை ஆறரை.
உடனே அணைத்து விண்டோஸை எழுப்பினேன்.
உறுதிகள் இருந்தன, கடைசிக் கையொப்பக் கோடு வரை.
ஆனால் மூலையில் மணி ஒன்று.
ஒரே கடிகாரம் அக்கா,
ஒன்று அதைக் கிரீன்விச் நேரம் என்கிறது,
மற்றது எங்கட நேரமென்று நம்புகிறது.
ஐந்தரை மணித்தியாலம் இடிக்கும்.
ஒரு கட்டளை போதும், திருத்திவிடலாம்.

"விடும்.
ஒரு மணிதான் எனக்குச் சாப்பாட்டு நேரம்."

காசைத் தந்தார்.
எல்லை எழுதிய தாளைக் கிழித்து
நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.
வாசலை மறித்தபடி மான்.
"விலகு பிள்ளை" என்றார்.
அது அட்டையை விடவில்லை, அசையவுமில்லை.
மடிக்கணினியைத் தலைக்கு மேல் தூக்கி
சுவரோடு ஒட்டி, பக்கவாட்டில்,
மழைக்குள் இறங்கினார்.